நடுக்கோட்டில் ஒரு வரப்பு

ஏப்ரல் மாதத்தில் எங்கள் ஊரில் இரண்டு வயல்கள் சேர்ந்து ஒரு கால்பந்து மைதானம் ஆகும். ஜூனில் பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்குள் அது மறுபடியும் இரண்டு வயல்களாகிவிட வேண்டும். ஒரு வயல் எங்களுடையது. இன்னொன்று சங்கிலியம்மாளுடையது. நடுவிலிருக்கும் வரப்பை வெட்டிச் சமப்படுத்துவதும், ஆட்டமெல்லாம் முடிந்தபின் அதே இடத்தில் திரும்பப் போடுவதும் என் அத்தாவின் வேலை. யாரும் கொடுத்ததல்ல. அவரே எடுத்துக்கொண்டது.

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவின் பெயர் அப்துல் வாஹித். ஊர் வாயில் வாகித்து. உத்தமபாளையத்துக்கும் ராயப்பன்பட்டிக்கும் இடையில் இரண்டு போகம் நெல் போட்டார். விடிவெள்ளி கால்பந்துக் கழகத்தில் வலது பக்கத் தடுப்பில், ரைட் பேக் ஆடினார். இந்த வருடம் பிப்ரவரியில், இரண்டாம் போக அறுவடையின்போது, களத்தில் உட்கார்ந்தவர் எழவில்லை. வயது ஐம்பத்து நான்கு. அதைப் பற்றி என்னால் இவ்வளவுதான் எழுத முடிகிறது. மற்றதை எழுதுகிறேன்.

எனக்கு நன்றாக நினைவிருக்கும் முதல் போட்டி 1996இல் நடந்தது. அத்தாவுக்கு அப்போதே நாற்பது. அணியில் மற்ற எல்லோரும் கல்லூரி வயதுக்காரர்கள். "அண்ணே, போதும்ணே. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்பார்கள்.

"என்னத் தாண்டிப் பந்தைக் கொண்டு போ. அன்னைக்கி ரெஸ்ட் எடுக்கேன்" என்பார் அத்தா.

ஓட்டம் குறைவு. ஆனால் விங்கர் எந்தக் காலில் பந்தைத் தட்டப்போகிறான் என்று அவருக்கு முன்பே தெரியும். அங்கே போய் நின்றுகொள்வார். வாழ்க்கையில் ஒரு கோலும் போட்டதில்லை. நடுக்கோட்டைத் தாண்டியதே அபூர்வம். கழகச் செயலாளர் பொன்னுராஜ் இதை வைத்து ஒரு கிண்டல் வைத்திருந்தார். "எங்க வாகித்தண்ணே முதல் பாதியில சொந்த வயலக் காப்பாக. ரெண்டாம் பாதியில சங்கிலியம்மா வயலக் காப்பாக. காவக்காரருக்குக் கூலிதேன் யாரும் குடுக்கல." பொன்னுராஜுக்கு பஜாரில் மோட்டார் காயில் கட்டும் கடை. வாய் ஓயாது.

கழகத்தின் உடைமைகள் எங்கள் வீட்டில்தான் இருந்தன. கோல் வலை என்பது திராட்சைப் பந்தலில் பறவைக்குப் போடும் வலை. கிழிந்ததைத் தோட்டக்காரர்களிடம் கேட்டு வாங்கி, இரண்டை ஒன்றாக்கித் தைத்துவிடுவார். கோல் கம்பங்கள் சவுக்கு. மாட்டுக்கொட்டகையின் குறுக்கு விட்டத்தில் வருடம் முழுவதும் கிடக்கும். பந்துகளைக் கட்டிலுக்கு அடியில் வைப்பார். ஆட்டத்துக்கு மறுநாள் எங்கள் கொடியில் பதினைந்து பனியன்கள் காயும். "ஊரு சம்சாரமா நான்?" என்பார் அம்மா லத்திபா. சொல்லிக்கொண்டே இரண்டாம் நம்பர் பனியனை மட்டும் தனியே அலசுவார்.

சங்கிலியம்மாளைச் சொல்ல வேண்டும். கணவர் இறந்தபின் தனியாக வெள்ளாமை பார்ப்பவர். அத்தாவைவிட நாலைந்து வயது மூத்தவர். அத்தா முதன்முதலாக வயலைக் கேட்டபோது இரண்டு நிபந்தனைகள் போட்டாராம். பந்தாடி இறுகிப்போன மண் என்பதால் உழவு முதலில் அவர் பக்கம் ஓட வேண்டும். வரப்பு போன இடத்துக்கே வர வேண்டும். "எறும்பு போற தடங்கூட மாறக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

இரண்டும் வருடாவருடம் நடந்தன. அத்தாவிடம் ஒரு முறை இருந்தது. வரப்பை வெட்டிய கையோடு, அந்தத் தடத்தின் மேலேயே நடுக்கோட்டுச் சுண்ணாம்பைப் போட்டுவிடுவார். போட்டி முடிந்தபின் கோட்டின் மேல் மண்ணை அணைத்தால் வரப்பு. அதனால் எங்கள் மைதானத்தில் இரண்டு பாதிகளும் சமமல்ல. எங்கள் வயல் பக்கம் கொஞ்சம் குட்டை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கவலைப்படவில்லை. நடுக்கோட்டின் முனையில் சங்கிலியம்மாளுக்கு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். பக்கத்தில் ஒரு சோடா பாட்டில். தன் வரப்பின் தலையில் உட்கார்ந்து அவர் ஆட்டம் பார்ப்பார்.

2001 இறுதி ஆட்டத்துக்குக் குமுளி அணி வந்தது. இரண்டு ஜீப்புகளில் வந்து இறங்கினார்கள். அத்தா அப்போது கம்பத்துக்குப் போயிருந்தார், பெயர் பொறிக்கக் கொடுத்த கோப்பையை வாங்க. குமுளி மேனேஜர் மைதானத்தை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "சேட்டா, இது நடுவல்லல்லோ" என்றார். தேனியிலிருந்து வந்திருந்த நடுவரும் நடந்து பார்த்தார். கோடு மாறினால்தான் விசில் என்று சொல்லிவிட்டார். பொன்னுராஜ் பழைய கோட்டைத் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தேய்த்தார். சங்கிலியம்மாள் பக்கம் மூன்று எட்டு எடுத்துவைத்துப் புதுக்கோடு போட்டார். சங்கிலியம்மாளின் நாற்காலியையும் எழுப்பி நகர்த்தினார்.

அத்தா கோப்பையோடு வந்தார். முழங்காலில் துணியைச் சுற்றினார். ஆடினார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். அந்த கோல் அவர் பக்கமாக வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் குமுளி விங்கர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு "நல்ல களி, சேட்டா" என்றான். நல்ல ஆட்டம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அத்தா ஒரு வாரம் மகிழ்ச்சியாக இருந்தார். கோடு மாறிய செய்தியை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள்.

மே மாதம் அத்தா வரப்புப் போட்டார். இரண்டு முனைகளிலும் கூட்டம் மிதித்து மிதித்து பழைய அடித்தடமே இல்லை. சுண்ணாம்புக்கோடு மட்டும் இருந்தது. இத்தனை வருடமும் அதை நம்பித்தான் போட்டார். அன்றும் நம்பிப் போட்டார். நல்ல அழகான வரப்பு. ஈர மண்ணை அணைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி, வழவழவென்று பூசியிருந்தார்.

ஜூனில் தண்ணீர் வந்தது. நடவு நடந்தது. எங்கள் வயலுக்கு நாற்றுப் பற்றவில்லை. வழக்கம்போலத்தான் நாற்றுப் பாவியிருந்தோம். அதே நாளில் சங்கிலியம்மாளுக்கு நாலு முடி, அதாவது நாலு கட்டு, நாற்று மிஞ்சியது. அம்மா போய்க் கேட்டு வாங்கிவந்தார். எங்கள் வயலின் கடைசித் துண்டு நிரம்பியது.

இரண்டு நாள் கழித்து சங்கிலியம்மாள் வீட்டுக்கு வந்தார். நான் மதுரையில் சிவில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்தேன்.

"லத்திபா, ஒன் வீட்டுக்காரக இருக்காகளா?"

"தொழுதுட்டு இப்ப வந்துருவாக. உக்காருக்கா. டீ போடுறேன்."

"உக்கார வரல."

அத்தா தொப்பியோடு வாசலுக்கு வந்தார். "வாங்கக்கா, என்ன நின்னுக்கிட்டே..."

"ஏ வாகித்து. நான் கழுத்துல தாலியோட இறங்குன நாள்லயிருந்து அந்த வயலுக்கு ஒரே அளவு நாத்துத்தேன். ஒரு முடி கூடாது, கொறையாது. இந்த வருசம் எனக்கு மிஞ்சுது, ஒனக்குப் பத்தல. இது என்னய்யா கணக்கு?"

அத்தா சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். செருப்பைக்கூட மாட்டாமல் வயலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். வரப்பின் தலையில் நின்று அடையாளத்துக்கு மோட்டார் அறையைப் பார்த்தார், எதிர்க் கரைத் தென்னையைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"நீங்க சொல்றது சரிதேன்க்கா. வரப்பு அங்கன போயிருக்கு."

"தானா நடந்து போச்சாக்கும்?"

"எப்படிப் போச்சுன்னு தெரியல. போட்டது நாந்தேன்."

"ரெண்டாம் பாதியில என் வயலக் காவ காத்தது இதுக்குத்தானா? என் நாத்த வாங்கி, என் மண்ணுலயே நட்டு, ஒன் வயலுன்னு சொல்ற. இப்ப நட்ட பயிரப் பிடுங்கச் சொல்ல மாட்டேன், நான் வெவசாயி. ஆனா இனிமே என் வயல்ல பந்து உருளாது. போய் ரோட்டுல ஆடு."

அவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் மைதானம் போயிற்று. எங்கள் வயல் மட்டும் பாதி மைதானம். பள்ளிக்கூடத் திடல் அதைவிடச் சிறியது. ஊரில் சமமான, இவ்வளவு பெரிய இடம் வேறு இல்லை. டீக்கடையில் வேறு பேச்சும் கிளம்பியது. வாகித்து வரப்பை அரித்துப் பக்கத்து மண்ணை எடுத்துக்கொண்டார் என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயியைப் பற்றி அதைவிட மோசமாக எதுவும் சொல்ல முடியாது. அத்தா டீக்கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். யாராவது ஜாடையாகக் கேட்டால், "ஆமாப்பா, தப்பான எடத்துல போட்டுட்டேன். அறுப்பு முடியட்டும், மாத்திருவேன்" என்பார். வீட்டில் மட்டும் ஒருமுறை அம்மாவிடம், "ஏப்ரல் மாசம் நான் என்ன செய்வேன் லத்திபா?" என்று கேட்டார்.

வரப்பு எப்படி நகர்ந்தது என்று ஆகஸ்டில்தான் தெரிந்தது. மோட்டார் காயில் கருகிவிட்டது. அத்தாவும் நானும் பொன்னுராஜ் கடைக்கு எடுத்துப்போனோம். பொன்னுராஜ் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எனக்கு ஒரே ரோசனை. அந்த ரெஃப்ரி கோட்ட மாத்தச் சொன்னாருல்ல, அதுக்கும் இதுக்கும் எதுவும் சம்பந்தம் இருக்குமோ?"

"எந்தக் கோட்ட?"

"நடுக்கோடுண்ணே. ஃபைனல் அன்னைக்கி. நீங்க கப்பு வாங்கப் போயிருந்தீக."

அத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஏலே பொன்னுராசு... நான் நடுக்கோட்டப் பாத்து வரப்புப் போட்டேன்டா. கண்ணு கோட்டத்தேன் பாத்துச்சு, வயலப் பாக்கல."

பொன்னுராஜ் கம்பியைக் கீழே வைத்தார். "அப்ப தப்பு என்னுதுண்ணே. நான் வந்து அந்தம்மாட்டச் சொல்றேன்."

"சொல்லு. கோட்ட நகத்துனது நீன்னு சொல்லு. ஆனா மண்ண நகத்துனது நாந்தேன். அத நாஞ் சொல்லிக்கிறேன்."

இருவரும் போனார்கள். சங்கிலியம்மாள் கேட்டுக்கொண்டார். "என் நாற்காலிய எழுப்பும்போதே நெனச்சேன், இவன் என்னமோ பண்ணப் போறான்னு" என்று பொன்னுராஜிடம் சொன்னார். மைதானத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அத்தாவும் கேட்கவில்லை.

முதல் போகம் அறுத்தபோது, அந்தத் துண்டை அத்தா அறுக்காமல் விட்டார். "அது ஒங்க வெளச்சல்க்கா" என்று சொல்லி அனுப்பினார். சங்கிலியம்மாள் தன் ஆட்களை வைத்து அறுத்துக்கொண்டார். அறுப்பு முடிந்து போகிற போக்கில் அத்தாவிடம், "ஒன் ஒரம் நல்லாத்தேன் வேலை செய்யுது" என்றார். அத்தா அன்று இரவு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

வரப்பை மாற்றும் நாளன்று நான்கு பேர் இருந்தோம். எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. பொன்னுராஜ் மூன்று எட்டு எடுத்துவைத்துக் காட்டினார்.

"அன்னைக்கி இருந்த ஒடம்பா இப்ப ஒனக்கு? எட்டு சுருங்கியிருக்கும்" என்றார் சங்கிலியம்மாள்.

படித்த மகள் என்று அத்தா என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சதுல இதுக்கு ஏதும் வழி இருக்கா, ஆத்தா?"

வழி இருந்தது. முழு வயலுக்கு எத்தனை முடி நாற்றுப் போகும் என்று சங்கிலியம்மாளுக்குத் தெரியும். வயலின் பரப்பு தெரியும். மிஞ்சியது நாலு முடி. அதிலிருந்து நாலு முடியின் பரப்பு. அதை வரப்பின் நீளத்தால் வகுத்தால் அகலம். மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டு, நாடாவால் அளந்து ஒரு முளைக்குச்சி அடித்தேன். அது பொன்னுராஜின் மூன்றாவது எட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"எதை வச்சு அளந்த?" என்றார் சங்கிலியம்மாள்.

"உங்க நாத்தை வச்சு."

"அப்பச் சரி."

என் முளையில் வரப்பு வந்தது. அத்தா மண்ணை அணைத்தார். சங்கிலியம்மாள் மிதித்து இறுக்கினார். அதன்பின் கல்லூரியில் எத்தனையோ அளவைப் பயிற்சி செய்தேன். வேலையிலும் செய்கிறேன். அந்த முளை அளவுக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை.

இரண்டாம் போகமும் முடிந்தது. 2002 மார்ச். அத்தா பறவை வலையை இறக்கிக் கிழிசல் பார்த்தார். கம்பங்களைத் துடைத்து வைத்தார். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. சங்கிலியம்மாள் வயலில் அறுத்த நெல்தாள் காய்ந்துகொண்டிருந்தது. அத்தா தினமும் அந்தப் பக்கம் போவார், வரப்பில் நிற்பார், வருவார். வாயைத் திறக்கமாட்டார். ஒருமுறை தவறிய இடத்தில் மறுபடியும் கேட்பது முறையல்ல என்று அவருக்கு ஓர் எண்ணம்.

ஒரு வெள்ளிக்கிழமை சங்கிலியம்மாளே வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"ஏ வாகித்து, இந்த வருசம் குமுளிக்காரன் வர்றானா?"

"எங்கனக்கா வரச் சொல்றது? ரோட்டுக்கா?"

"நக்கலு வேறயா. இங்கன கேளு. நடுக்கோடு வரப்பு மேலதேன் இருக்கணும். எவன் வந்து நொட்டம் சொன்னாலும் மாத்தக் கூடாது. பாதி சின்னதா இருக்குங்கிறான்ல? ஆட்டத்துல பாதியில எடம் மாறிக்கிறீகள்ல? அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டந்தான? இதுல என்ன நியாயக்கேடு வந்துச்சு?"

அத்தா வரப்பின் இரண்டு பக்கமும் பார்த்தார். "அந்த ரெஃப்ரிட்ட நீங்க பேசியிருக்கணும்க்கா."

"என்னை எவன் கேட்டான்? நாற்காலிய எழுப்புனீகள்ல."

அன்று மாலையே அத்தா வரப்பை வெட்டினார்.

அந்த வருடம் குமுளி அணி மறுபடியும் வந்தது. மேனேஜர் மறுபடியும் நடந்து பார்த்தார். மறுபடியும் "நடுவல்லல்லோ" என்றார். பதில் சிவப்பு நாற்காலியிலிருந்து வந்தது. "மலையாளத்தாரே, வரப்பு நகராது. வேணும்னா நீங்க நகந்துக்கங்க." கூட்டம் சிரித்தது. புதிதாக வந்திருந்த நடுவர் விசிலை ஊதிவிட்டார். அந்த வருடம் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். பரிசளிப்பில் அத்தா மேடைப் பக்கம் வரவே இல்லை. வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மழை வந்தால் வலை கனத்துவிடும் என்றார். மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

2004இல் முழங்கால் நின்றுவிட்டது. இரண்டாம் நம்பர் பனியனைத் துவைத்து மடித்து ஷானவாஸிடம் கொடுத்தார். ஷானவாஸ் என் தம்பி. அவன் ரைட் பேக் இல்லை, ஃபார்வர்டு. அடிக்கடி கோல் போடுவான். "நம்ம குடும்பத்துக்கு இது புதுசு" என்று அத்தா எல்லோரிடமும் சொல்வார். ஆட்டத்தை விட்டபின் அத்தாவுக்கு ஆறு வருடங்கள் கிடைத்தன. சுண்ணாம்பு கரைத்தார். பந்துக்குக் காற்றடித்தார். வெளியூர் அணிகளுக்கு அம்மாவை நச்சரித்துச் சோறு போட்டார். வயல் விரிசலில் மண் நிரப்பி நீர் தெளித்து, பரம்புப் பலகையை இழுத்துச் சமப்படுத்தினார். விளையாடிய காலத்தைவிட அப்போது சந்தோஷமாக இருந்தார் என்று அம்மா சொல்கிறார். எனக்கு அது சரியாகத் தெரியாது. நான் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டேன். தொலைபேசியில் எப்போதும் ஒரே குரல்தான். விளைச்சல் குறைந்த வருடமும் அதே குரல்.

இந்த வருடம் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பொன்னுராஜும் கழகத்துப் பையன்களும் ஒரு ஓரமாக நின்றார்கள். போட்டியைப் பற்றி யாருக்கும் வாய் வரவில்லை. கேட்கவும் கூடாது, விடவும் முடியாது.

சங்கிலியம்மாள் கை கழுவிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"வரப்ப எப்ப வெட்டப் போறீக?"

அம்மா ஷானவாஸைப் பார்த்தார். ஷானவாஸ் என்னைப் பார்த்தான். "திங்கக்கிழமை" என்றேன்.

திங்கட்கிழமை ஷானவாஸ் வெட்டினான். நான் கயிறு பிடித்து, தடத்தின் மேல் சுண்ணாம்பு போட்டேன். அலுவலகத்தில் என்னிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன. இரண்டு பாதிகளையும் சமமாக்க அரை மணி நேரம் ஆகாது. யாரும் கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை. நாற்காலி கோட்டின் தலையில் இருந்தது. எட்டு அணிகள் ஆடின. ரைட் பேக்கில் ஒரு புதுப்பையன், சுருளியாண்டி. அடிக்கடி நடுக்கோட்டைத் தாண்டி ஓடினான். ஒவ்வொரு தடவையும் சங்கிலியம்மாள் நாற்காலியிலிருந்து, "ஏலே, ஒன் வயலுக்குத் திரும்புடா" என்று கத்தினார்.

மே கடைசியில் கோட்டின் மேல் மண்ணை அணைத்து வரப்புப் போட்டோம். வழவழப்பாக வரவில்லை. பழக வேண்டும். உழவு முதலில் சங்கிலியம்மாள் பக்கம் ஓடியது. ஜூனில் தண்ணீர் வந்து, போன வாரம் நடவு முடிந்தது.

நாற்று இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.